நுவரெலியாவின் காய்கறி மலை

நானு ஓயா ரயில் நிலையத்தில் இறங்கியதுமே குளிர் வந்து கன்னத்தைக் கிள்ளுகிறது. இலங்கையில் இப்படி ஓர் ஊட்டியா என்று வியப்பீர்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயரம். நுவரெலியா போகும் வழியெல்லாம் படிப்படியாகப் பாத்திகள். காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், லீக்ஸ்! லீக்ஸ் என்பது நம் வெங்காயத் தாளுக்குப் பெரியண்ணன். கழுவி அடுக்கிய காரட்டைப் பார்த்தால் எந்த இல்லத்தரசிக்கும் கை தானாகப் பையைத் தேடும்.

சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848-ல் இங்கே பண்ணை வைத்தார். பிற்பாடு நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்கா போனாரே, அதே பேக்கர்தான். இன்று மலைக் காய்கறிகள் லாரி லாரியாகக் கொழும்புக்கும் தம்புள்ளைச் சந்தைக்கும் இறங்குகின்றன.

பாத்திகளைத் தாண்டினால் பச்சைப் பட்டு விரித்தாற்போல் தேயிலை. கொழுந்து பறிப்பவர்கள் நம் தமிழ்ப் பெண்கள். காப்பித் தோட்டக் காலத்திலிருந்து தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததி. இவர்கள் குடியிருப்பு 'லயம்': ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சிறு அறைகள். ஒரு லயத்து வாசலில் நின்ற அம்மாளிடம், காலையில் என்ன பலகாரம் என்று கேட்டேன்.

"ரொட்டியும் சம்பலுந்தாம்மா."

வெள்ளை மாவு ரொட்டி. தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த சம்பல். காரட்டெல்லாம் சமைப்பதுண்டா என்றேன். சிரித்துவிட்டார்.

"சம்பளம் போட்ட அன்னைக்கு வாங்குவோம்மா."

2016-ல் இலங்கை அரசு எடுத்த கணக்கு இது: 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100-க்கு 17 பேர். தோட்டங்களில் மட்டும் 32 பேர். ஊருக்கெல்லாம் காய்கறி அனுப்பும் மலையில்!

தாய்மாருக்குச் சத்துணவைப் பற்றித் தெரியவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. காரட் நல்லது என்று அறியாத தாயா? 2024-ல் அடிப்படைக் கூலியை நாளொன்றுக்கு 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதுவும் இலங்கை ரூபாய். பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர். குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதிக் கூலி. அரிசி, மாவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக என்ன மிஞ்சும்? வயிற்றை நிரப்ப மாவுதான் மலிவு. 2022-ல் நாடு நொடித்தபோது அந்த மாவுக்கும் திண்டாட்டம் வந்தது.

கொல்லையில் நாலு பாத்தி போடக் கூடாதா என்பீர்கள். சிலர் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் மண் அவர்களுடையது அல்லவே! 1948-ல் வந்த சட்டம் இவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிற்று. மிச்சமிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003 ஆயிற்று. குடியிருக்கும் அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்னும் ஏராளம்.

நம் இந்திய அரசின் உதவியோடு அண்மை வருஷங்களில் சிலருக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு 7 பேர்ச் நிலம். ஏறக்குறைய 1,900 சதுர அடி. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பின்புறத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு சாண் இடம் விடாமல் லீக்ஸும் கோஸும் தளதளவென்று நின்றன.