நான்கு பகுதிகள், நான்கு வீதிகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால் முதலில் ஊரின் பெயரைச் சொல்வார். கேட்டவருக்கு விளங்காவிட்டால் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று பகுதியைச் சொல்வார். அதுவும் போதாவிட்டால் வீதியைச் சொல்வார். "காங்கேசன்துறை வீதியிலை, மருதனார்மடம் சந்தியிலை இறங்கி, கிழக்காலை போற ஒழுங்கை." ஊர், பகுதி, வீதி என்ற இந்த மூன்றுக்குள் எங்கள் முகவரி அடங்கிவிடும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இத்தகைய பகுதிகளைக் 'கவுண்டி' என்று அழைக்கின்றனர். ஜோர்ஜியா மாநிலத்தில் மட்டும் 159 கவுண்டிகள் உள்ளன. மாநில நெடுஞ்சாலை மாநில அரசின் பொறுப்பு, நாட்டுப்புறச் சிறுவீதி கவுண்டியின் பொறுப்பு. வீதியோரப் பலகையில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்தே அது யாருடைய வீதி என்று அறிந்துகொள்ளலாம். நமது குடாநாட்டிலும் இப்படியொரு ஒழுங்கு உண்டு. அது பெண்களாகிய நமக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்பதை, அண்மையில் நான்கு நாட்கள் நான்கு வீதிகளில் பஸ்ஸில் சென்று வந்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

குடாநாட்டின் பகுதிகள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. உள்ளூராட்சி சபைகள் 17. அவற்றில் யாழ்ப்பாணம் மாநகர சபை. சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகியன நகர சபைகள். மிகுதி 13 உம் பிரதேச சபைகள்.

கிழக்கே பளையைச் சேர்ந்த பச்சிலைப்பள்ளி, நிலத்தால் குடாநாட்டின் பகுதிதான். ஆயினும் 1984ஆம் ஆண்டில் கிளிநொச்சி தனி மாவட்டமானபின், பளை மக்கள் கச்சேரி அலுவலுக்குக் கிளிநொச்சிக்கே செல்கின்றனர். காகிதத்தில் இருக்கும் எல்லை நம் கால்நடையையும் மாற்றிவிடுகிறது.

முதல் நாள்: கண்டி வீதி

ஏ-9 என்று எல்லோரும் சொல்லும் கண்டி வீதி, கண்டியிலிருந்து சுமார் 320 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நகரிலிருந்து அரியாலை கடந்து, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினால் தென்மராட்சி. கைதடி, நுணாவில், சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று ஊர்கள் தொடரும். மாவும் பலாவும் தென்னையும் நிறைந்த பகுதி. பருவகாலத்தில் கொடிகாமம் சந்தையை அண்மித்ததும் பஸ்ஸுக்குள் பலாப்பழ வாசனை ஏறிவிடும்.

இந்த வீதி மூடினால் என்ன நடக்கும் என்பது நம்மில் நடுவயதைக் கடந்த எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளில் இவ்வீதி மூடியிருந்த காலத்தில் கைக்குழந்தைகளுடன் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்கள் நம் பெண்கள். போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் 2002 ஏப்ரல் 8ஆம் திகதி வீதி திறந்தது. 2006 ஆகஸ்ட் மாதம் மீண்டும் மூடியது. அரிசி, பால்மா, மருந்து யாவும் கப்பலை எதிர்பார்த்திருந்தன. கடை வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களே. 2009இல் போர் முடிந்தபின்னரே படிப்படியாக மக்கள் போக்குவரத்து வழமைக்கு வந்தது.

முகமாலையைக் கடக்கும்போது பக்கத்து இருக்கையிலிருந்த பெண் யன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். அந்தப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர். இவ்வூர்ப் பெண்கள் பலர் அந்தப் பணியில் ஈடுபட்டவர்கள். குடும்பத்தைத் தாங்கும் ஆண்துணையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. "ஐஞ்சு வருசம் இந்த மண்ணை முழங்காலிலை நிண்டு தடவித் தடவிப் பாத்தனாங்கள் அக்கா. இப்ப பஸ் ஒரு நிமிசத்திலை கடந்திடுது" என்றார். அதற்குப்பின் ஆனையிறவு வரும்வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரண்டாம் நாள்: பருத்தித்துறை வீதி

750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் நல்லூர், இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் என்று வலிகாமத்தின் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே போகலாம். நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குப் பெயர்போனது. ஆவரங்காலைக் கடந்தபின் வீடும் மரமும் இல்லாத வல்லை வெளி வருகிறது. கடல்நீரேரிக் காற்று பஸ்ஸைத் தள்ளும். வீதியோரத்து முனியப்பர் கோவிலில் வாகனங்கள் ஒரு கணம் தாமதித்துச் செல்லும். பாலத்தைக் கடந்தால் வடமராட்சி.

மந்திகையில் பஸ் பாதியாகக் காலியானது. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. இறங்கியவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவருடைய மாமியாரும் இருந்தனர். வடமராட்சி கிழக்கிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்களாம். "பெரிய றோட்டிலை வந்தது சுகம் பிள்ளை. எங்கடை வாசலிலை இருந்து அந்த றோட்டுக்கு வாறதுதான் பாடு" என்றார் மாமியார். வடமராட்சி கிழக்கு 2004 டிசம்பர் 26இல் கடற்கோளால் அழிவுகண்ட கரை. மணற்காட்டுப் பக்கம் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் மணலும் ஒழுங்கைகளை மூடிவிடுகின்றன.

பருத்தித்துறை நகரை அடைந்தவர்கள் தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. பெயருக்கு ஏற்றபடி, தெருவையே கூரையால் மூடிய மடம் அது. சுண்ணக்கல் தூண்களுக்கு நடுவே வீதி போகிறது. இருபுறமும் உயர்ந்த திண்ணைகள். வெயிலில் வந்தவர் ஏறி இருக்கலாம், சுமையை இறக்கலாம். நானும் கால்மணி நேரம் இருந்தேன். உச்சி வெயிலிலும் கல் குளிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள்: காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி

கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பளை வழியே வடக்கு நோக்கிப் போகும் காங்கேசன்துறை வீதி வலிகாமத்தின் முதுகெலும்பு. சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி மூட்டையுடன் ஏறும் பெண்களை அதிகாலை பஸ்ஸில் காணலாம். தெல்லிப்பளையில் இருக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு வடமாகாணத்தின் தூர இடங்களிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு, நடந்தே வந்து திரட்டிய நிதி அந்தக் கட்டடத்துக்கு உதவியது. வீதியில் நடந்தவர்களின் கால்கள் கட்டிய வைத்தியசாலை என்று சொல்லலாம்.

மாலையில் பலாலி வீதியால் போனேன். திருநெல்வேலி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் கடந்து வசாவிளான் வரையில்தான் 34 ஆண்டுகளாக மக்கள் போக முடிந்தது. அதற்கப்பால் உயர்பாதுகாப்பு வலயம். 2025 ஏப்ரலில் நிபந்தனைகளுடன் அந்தப் பகுதி திறந்தது. வசாவிளானில் ஒரு ஆச்சியுடன் பேசினேன். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவருக்குக் கலியாணமாகி மூன்று மாதம். இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "றோட்டு வந்திட்டுது, காணி இன்னும் வரேல்லை" என்று ஒரே வசனத்தில் நிலைமையைச் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள்: தீவகத்துக்கு

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடல். வேலணையில் வீதி பிரிகிறது. ஒன்று ஊர்காவற்றுறைக்குப் போகிறது. மற்றையது வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும் அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் போகிறது. அத்துடன் வீதி முடிந்து கடல் தொடங்குகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான் பஸ். நெடுந்தீவுக் கர்ப்பிணிகள் பிரசவ நாள் நெருங்குமுன்பே யாழ்ப்பாணம் வந்து உறவினர் வீட்டில் தங்கிவிடுவது வழக்கம். காற்றுக் கடுத்தால் படகு ஓடாது. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்காது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான சிறிய கடலை 'பாதை' கடத்துகிறது. தட்டையான அந்த மிதவைக்கு நம் மக்கள் வைத்த பெயர் அதுதான். மனிதர், சைக்கிள், மோட்டார் வாகனம் எல்லாம் ஒன்றாக ஏறும். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையிலும் முன்பு பாதையே ஓடியது. 2011 ஜனவரியில் அங்கே பாலம் திறந்தபின் பூநகரி, மன்னார் வழி இலகுவாயிற்று.

சுமைதாங்கி சொல்லும் செய்தி

நம் பழைய வீதிகளில் மடம், கேணி, ஆவுரோஞ்சிக் கல், சுமைதாங்கி என்று நான்கு வசதிகள் இருந்தன. மனிதருக்கு நிழலும் தண்ணீரும், மாட்டுக்கு உடல் உரசக் கல், தலைச்சுமை கொண்டு போவோர் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றத் தோளுயரக் கல். மருதனார்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் என்று அந்த மடங்கள் இன்று ஊர்ப்பெயர்களாக நிற்கின்றன.

சுமைதாங்கியை யாருக்காகக் கட்டினார்கள் என்பதை இளம் சகோதரிகள் அறிந்திருக்கவேண்டும். வயிற்றுப் பிள்ளையுடன் இறந்துபோன பெண்ணின் நினைவாகவே அதனைக் கட்டும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையுடன் போனவளுக்காக, மற்றவர்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். பண்டைய வீதி ஒரு பெண்ணை நினைத்துத் தன்னைத் திருத்திக்கொண்டது.

நான் பயணம் செய்த நான்கு வீதிகளும் இப்போது பெரும்பாலும் காபற் வீதிகள். அதில் மகிழ்ச்சிதான். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும் இடங்கள் பலவற்றில் கூரை இல்லை. கிளினிக் கொப்பியைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு கடையோரம் நின்ற தாய்மாரைக் கண்டேன். பிரத்தியேக வகுப்பு முடிந்து வரும் மாணவிகள் விளக்கில்லாத ஒழுங்கைக்குள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஓடுவதையும் கண்டேன். பெரிய வீதியில் நாம் போவது கிழமையில் ஓரிரு நாள். ஒழுங்கையில் போவது ஒவ்வொரு நாளும்.

எந்த வீதி யாருடையது?

வாசக சகோதரிகள் நினைவில் வைக்கவேண்டிய விடயம் இது. ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் வடமாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மிகுதி உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளின் பொறுப்பு. வயல் வீதிகளுக்குக் கமநல சேவைத் திணைக்களத்தைக் கேட்கவேண்டி வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் உடைந்த மதகு ஒன்றுக்காக இரண்டு மழைக்காலம் ஓர் அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தனர். "இது எங்களுடைய வீதி அல்ல" என்ற ஒருவரிப் பதில் கடைசியில் வந்தது. அதற்குள் பாலர் பாடசாலைக்குப் போன ஒரு பிள்ளை அந்த மதகில் விழுந்து கையை முறித்துக்கொண்டது. பின்னர் கிராம அலுவலரிடம் கேட்டு, வீதி பிரதேச சபையின் இடாப்பில் இருப்பதை அறிந்து, புகைப்படத்துடன் அங்கே கடிதம் கொடுத்தனர். நான்கு மாதத்தில் மதகு கட்டியாயிற்று. சங்கத்தினருக்கு உறுதி முன்பும் இருந்தது. குறைவாக இருந்தது சரியான முகவரி மட்டுமே.

ஆகவே உங்கள் ஒழுங்கை எந்தச் சபையின் இடாப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். வாய்மூலம் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேட்கலாம். 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்துள்ளது. உங்கள் வட்டாரத்துப் பெண் உறுப்பினர் யார் என்று அறிந்து, சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, பஸ் தரிப்பிடத்தில் கூரை உண்டா, மாரியில் கர்ப்பிணி எந்த வழியால் வைத்தியசாலைக்குப் போவாள் என்ற மூன்று கேள்விகளையும் அவர் முன்னால் வையுங்கள். விடையைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் திகதியிட்டு எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை முதலில் வாசியுங்கள்.