வெங்காயம் உரிக்க வாங்க, சொந்தக்காரங்களே!

கம்பெனி டிரெய்னிங் என்று ஸ்டார் ஓட்டலுக்குக் கூட்டிப் போவார்களே, போயிருக்கிறீர்களா? டை கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்து, "பக்கத்தில் இருப்பவரைப் பற்றி மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள்" என்பார். அதற்குப் பெயர் ஐஸ் பிரேக்கர். பத்து வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குப்பை கொட்டுகிற ஆசாமியிடம், "உங்களுக்குப் பிடித்த கலர் என்ன சார்?" என்று அசடு வழிய வேண்டும்.

ஆபீசுக்கே இது தேவை என்றால் சொந்தக்காரர்களுக்கு? சென்னை, பெங்களூரு, துபாய் என்று சிதறிக் கிடக்கிற குடும்பம். பெரியப்பா பேரனும் சித்தப்பா பேத்தியும் எதிரெதிரே வந்தால் 'எக்ஸ்க்யூஸ் மீ' சொல்லி ஒதுங்கிப் போகிறார்கள். இவர்களை ஒரே இடத்தில் சேர்க்க எங்கள் நெல்லைச் சீமையில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு: குலதெய்வம் கோயில்.

எங்களுக்குச் சொரிமுத்து அய்யனார். அம்பாசமுத்திரம் தாண்டி, பாபநாசம் வந்து, மலைப்பாதையில் ஏற வேண்டும். 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், தாமிரபரணிக் கரையில் கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் வந்து அமர்வதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். அவர் 2020-ல் காலமானார்.

புலி இருக்கிற காடுதான். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் குடிலுக்குள்ளேயே இருந்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசி ஒன்பது வருஷம். நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர், அதன் மேல் ஒரு சிவில் கேஸ். கிழக்கு மூலையில் ஒருவர், மேற்கு மூலையில் ஒருவர். நடுவில் நாற்பது பேர் மூச்சு விடாமல் நடமாடினோம்.

பெங்களூரில் ஹெச்.ஆர். வேலை பார்க்கும் அத்தை மகன் முதலில் களத்தில் இறங்கினான். எல்லார் சட்டையிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர். ஆச்சி தன்னுடையதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "எம் பேரு எனக்குத் தெரியும்லே" என்றாள். அடுத்து மியூசிக்கல் சேர். நாற்காலிக்குப் பதில் பாறை. ரெண்டு மாமாக்களுக்கு இடுப்புப் பிடிப்பு.

அப்புறம் மைனி பொறுப்பெடுத்துக்கொண்டாள். சாம்பாருக்கு அஞ்சு கிலோ சின்ன வெங்காயம். பிறந்த மாதப்படி ஜோடி சேர்ந்து உரிக்க வேண்டும். ஒரே வீட்டு ஆட்கள் சேரக்கூடாது. துபாயிலிருந்து வந்த பொடியன் எழுபது வயசுத் தாத்தாவோடு. போனில் சிக்னல் இல்லை, கையோ வெங்காயத்தில். பேசாமல் என்ன செய்வான்? "தாத்தா, உங்க முதல் சம்பளம் எவ்வளவு?" என்று ஆரம்பித்தான். தொகையைக் கேட்டுவிட்டு, "மாசத்துக்கா, நாளைக்கா?" என்றான். குடிலே சிரித்தது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை மகன் பழைய குடும்ப போட்டோக்களின் ஜெராக்ஸை எடுத்தான். யார் யாரென்று சிறிசுகள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு போட்டோவில் டவுசர் போட்ட இரண்டு பையன்கள். பெரியவன் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை அவனுக்கு இறுக்கிப் பிடித்திருந்தது.

"அது எஞ் சட்டை" என்றார் மேற்கு மூலைச் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

"ஒஞ் சட்டையா? அப்பா எனக்குத்தாம்ல எடுத்தாக!" என்றது கிழக்கு மூலை.

ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு, அதுவும் சண்டை. நாங்கள் அசையவில்லை. பத்து நிமிஷம் சட்டை, அப்புறம் அதைத் தைத்த டெய்லர், அப்புறம் அந்த டெய்லர் வளர்த்த நாய் என்று போய், இரண்டு பேரும் ஒரே வெற்றிலைச் செல்லத்தில் கைவிட்டார்கள்.

இதே கோயிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. நேர்ச்சையாகச் செருப்புக் கட்டுவார்கள். வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதையாகப் பாடப்படுகிறவர் இவர்தான். பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கப் பூணூலை அறுத்துவிட்டு, மாமனாரின் தொழிலைத் தானும் கற்றுக்கொண்டவர். அந்த மாமனாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது: கூட உட்கார்ந்து கையை அழுக்காக்கிக்கொள்ளாமல் உறவு ஒட்டாது.

சுவர் கேஸ் வாபஸ் ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். அது பாட்டுக்கு நடக்கிறது. ஆனால் வாய்தா அன்றைக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போகிறார்கள். டிக்கெட் எடுப்பது யார் என்பதில் மட்டும் தகராறு.

அடுத்த ஆடிக்கு நீங்களும் கிளம்புவதாக இருந்தால், எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி போகலாம் என்று வனத்துறையிடம் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். ஸ்டிக்கரும் வேண்டாம். வெங்காயம் மட்டும் ஒரு கிலோ கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.