புதுச்சத்திரத்தில் மூடுபனி

நான் பி.காம். பேலன்ஸ் ஷீட் தாண்டி எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை தெரியாது. ஆனாலும் அக்கா மகன் 'ஃபாக் கம்ப்யூட்டிங்'கில் பிஎச்.டி. பண்ணுகிறேன் என்றதும், தாய்மாமன் என்கிற உரிமையில் கேட்டேன்: "நம்ம புதுச்சத்திரம் வெயில்ல ஏதுடா மாப்ளே மூடுபனி?"

"மேகம் தரைக்குப் பக்கத்துல இறங்கினா மூடுபனி. அவ்வளவுதான் மாமா!"

ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். கிளவுட் என்பது ஹெட் ஆபீஸ். பிராஞ்சில் டீ வாங்கவும் அங்கிருந்து கையெழுத்து வரவேண்டுமென்றால் டீ ஆறிவிடும். அதற்குத்தானே பெட்டி கேஷ்? அவசர முடிவுகளைப் பக்கத்திலேயே எடுத்துவிட்டு, கணக்கை மட்டும் மேலே அனுப்புவது. 2012-ல் சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்த பெயர்தான் ஃபாக்.

பையனின் ஆராய்ச்சிக்கூடம், ஒரு கோழிப்பண்ணை. கோடையில் ஷெட்டுக்குள் சூடு ஏறினால் கோழிகள் வாயைத் திறந்து இரைக்கும், விட்டால் செத்துப்போகும். அதற்காகத் தண்ணீரைப் பனிபோலத் தூவும் சாதனத்துக்குப் பண்ணைக்காரர்கள் சொல்லும் பெயரும் 'ஃபாக்கர்'தான்! அதைத் திறக்க எங்கோ இருக்கும் கிளவுடைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அந்த நேரம் பார்த்து சிக்னல் போயிருக்கும். ஷெட்டிலேயே ஒரு சின்னப் பெட்டி சூட்டை அளந்து முடிவெடுக்க வேண்டும்.

நல்ல யோசனைதான். ஆனால் ஹெட் ஆபீசுக்கு ஏ.சி. உண்டு, வாட்ச்மேன் உண்டு. ஷெட்டில் கிடக்கும் பெட்டிக்குத் தூசும் எலியும்தான் துணை. யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். போதாததற்கு, கம்பெனிக்கொரு பாஷை பேசும் கருவிகள். 2015-ல் 'ஓபன்ஃபாக்' என்று பெரிய கம்பெனிகள் கூட்டணி அமைத்தன. அது வகுத்த அமைப்பு 2018-ல் ஐ.ட்ரிபிள்.ஈ. தரமானது. 2019-ல் கூட்டணியே இன்னொரு கூட்டணியில் கரைந்துவிட்டது. (அரசியல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!)

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராஜ்குமார் புய்யாவும் கரக்பூர் ஐ.ஐ.டி.காரர்களும் சேர்ந்து 2016-ல் 'ஐஃபாக்சிம்' என்ற சிமுலேட்டரைக் கொடுத்தார்கள். பெட்டியே வாங்காமல் லேப்டாப்பிலேயே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். கையில் காசில்லாத மாணவர்களுக்கு வரப்பிரசாதம். நம்ம பையனும் அதில்தான் ஓட்டினான். ரிசல்ட் பிரமாதம். அதில் எலி கிடையாதே!

பண்ணைக்காரர் கிராஃபை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏனுங் தம்பி, மத்தியானம் ரெண்டு மணிக்குக் கரண்ட் போனா உங்க பெட்டி என்னங் பண்ணும்?"

கைடு கேட்காத கேள்வி. பையன் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். இப்போது பெட்டிக்கு பேட்டரி மாட்டியாகிவிட்டது. ஆளை எதிர்பார்க்காமல் ஜெனரேட்டரைத் தட்டிவிட வழி தேடிக்கொண்டிருக்கிறான். தீசிஸுக்குப் பல்கலைக்கழகம் ஆறு மாதம் அவகாசம் தரும். சித்திரை வெயில் தராது.