திறந்து பார்க்க முடிகிற பெட்டி

"லேப்டாப் வாங்கலாமா தம்பி, இல்ல சிஸ்டமே வாங்கிடலாமா?" கடைக்குள் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இருபது வருடங்களாகக் கீரனூரில் கணினி விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். விலை சொல்வதற்கு முன், "எங்க வச்சு, என்ன வேலை பாக்கப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம்.

இப்படிக் கேட்க வேண்டும் என்பதை நான் ஒரு தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டேன். குளத்தூர் வட்டத்துக்குத் தலைமையிடம் எங்கள் ஊர். பட்டா மாறுதல், சாதிச் சான்று, மனு என்று தாலுகா ஆபீசுக்கு வருகிற கூட்டத்தை நம்பி இங்கே டைப்பிங் கடைகள் ஓடுகின்றன. அப்படி ஒரு கடைக்காரருக்கு 2012-இல் லேப்டாப் விற்றேன். மின்வெட்டு ஆட்டிப் படைத்த வருடம் அது. சென்னையைத் தாண்டினால் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இருக்காது. பேட்டரியில் மூன்று மணி நேரம் ஓடும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஓடவும் செய்தது. ஆனால் அவர் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர். டைப்ரைட்டரில் பழகிய விரல்கள், ஒவ்வொரு அடியும் பலமாக விழும். எட்டு மாதத்தில் நான்கு எழுத்துகள் விழவில்லை. வெளியே ஒரு யுஎஸ்பி கீபோர்டு மாட்டிச் சமாளித்தோம். அடுத்த கோடையில் மதர்போர்டே போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, காலை முதல் இரவு வரை ஓயாத ஓட்டம், உள்விசிறி முழுக்கச் செம்மண் தூசி. மாற்று போர்டு வந்துசேர ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் அவர் கடை மூடிக் கிடந்தது. அந்த விற்பனையில் எனக்குக் கிடைத்த லாபத்தை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

கடையில் ஒரே இடத்தில் நாள் முழுக்க ஓட வேண்டுமா, அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப் வாங்குங்கள். அதில் எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாட்டலாம். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போனால் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். பாகம் திருச்சியிலிருந்து அன்றைக்கே பஸ்ஸில் வந்துவிடும். பல சமயம் பாகமே தேவைப்படாது. "ஆன் பண்ணினா பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணும் வரல" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரேமின் இரு ஓரத்துக் கொக்கிகளை விலக்கினால் அட்டை மேலே எழும்பி வரும். அதன் அடிவிளிம்பில் வரிசையாக உள்ள தங்கநிறப் பட்டைகள் கறுத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பட்டை மினுங்கியதும் ரப்பர்த் துகளை ஊதிவிட்டு, இருபக்கமும் 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டினால் சிஸ்டம் எழுந்துகொள்ளும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. அடுத்த முறை அவர்களே செய்துகொள்ளட்டும் என்று பக்கத்தில் நிறுத்திக் காட்டியும் கொடுக்கிறேன்.

கரண்ட் பயமும் முன்போல் இல்லை. பழைய பிக்சர் டியூப் மானிட்டர் ஒன்றே எண்பது வாட் அளவுக்கு இழுக்கும். இன்றைய எல்இடி திரைக்கு இருபது, இருபத்தைந்து போதும். டைப்பிங் வேலைக்குச் சிபியுவும் திரையும் சேர்ந்தே நூறு வாட்டைத் தாண்டாது. 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அடித்ததைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் அரை நாளைக்குக் கவலையில்லை. ஆனாலும் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்துப் போன பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அப்போது ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய லேப்டாப்தான் கைகொடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆப்பிளின் மேக் நல்ல இயந்திரம், வீடியோ எடிட்டிங் பண்ணுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் 2020-இல் வந்த எம்1 முதல் ரேமும் சிப்போடு ஒட்டியே வருகிறது. வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. அச்சகத்தில் ஓடும் பழைய பேஜ்மேக்கர் அதில் ஓடாது. அதனால் எங்கள் ஊர் டிடிபி கடைக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு லேப்டாப்தான் சரி. 2011 செப்டம்பரில் தொடங்கி அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் சில இப்போதும் என் மேஜைக்கு வருகின்றன. அடியில் நாலைந்து திருகைக் கழற்றினால் உள்ளே கை நுழையும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் கூட்டிவிட்டால் இன்னும் ஓடும். அக்கா படித்ததில் தங்கையும் படித்த வீடுகள் எனக்குத் தெரியும். இப்போது வருகிற மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நான்கு வருடம் கழித்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

போன மாதம் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா, பி.காம் சேர்ந்த பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றை வேறெங்கோ விலை பேசி முன்பணமும் கொடுத்திருந்தார்கள். மாடல் நம்பரைச் சொல்லச் சொல்லிப் பார்த்தேன், ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதனால்தான் ஆறு, ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் இவ்வளவு மலிவாகச் சந்தைக்கு வருகின்றன.

"அப்ப ஏமாத்திப்புட்டானா தம்பி?"

"ஏமாத்தல அப்பத்தா. பழசைப் பழசுனு சொல்லாம விட்டுட்டாங்க."

வீட்டில் ஏற்கெனவே அப்படியொன்று இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் போட்டால் படிப்புக்கும் தட்டச்சுக்கும் போதும், தமிழ்99 விசைப்பலகையும் அதில் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்துப் புதிதாக அதை வாங்க வேண்டாம். பேத்திக்கு எட்டாம் தலைமுறையில், ரேம் தனியாக மாட்டியிருக்கிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கினாலும் மூன்றைக் கேளுங்கள்: எந்தத் தலைமுறை, ரேமைப் பிறகு கூட்ட முடியுமா, கெட்டால் பாகம் எத்தனை நாளில் வரும். மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.