தாத்தாவின் ராஜர்ஸ் கத்தி

மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒரு பைத்தியம் உண்டு. எங்கள் விடுதியில் ஒருவர் தபால்தலை சேர்க்கிறார். இன்னொருவர் பழைய நாணயம் சேர்க்கிறார். கடன் மட்டுமே சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதினால் அடுத்த மாதம் எனக்குக் கடன் கிடைக்காது. நான் சேர்ப்பது பேனாக் கத்தி.

கத்தி என்றதும் வாசகர்கள் அஞ்ச வேண்டாம். என் கத்திகள் பென்சில் சீவும், மாம்பழம் நறுக்கும், தபால் உறை கிழிக்கும். அதற்கு மேல் ஒரு பாவமும் அறியா. கட்டிலுக்கடியில் ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பாவில் இருபத்து மூன்று கத்திகள் துணியில் சுற்றித் தூங்குகின்றன. அவற்றுள் மூத்தது என் தாத்தா கொடுத்தது.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் கொள்ளுத் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1936-இல் சென்னைக்குப் போனபோது, ஒரு கடையில் ஒன்றே கால் ரூபாய் கொடுத்து அவர் அந்தக் கத்தியை வாங்கினாராம். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லையாம். அவருக்குப் பின் அது பள்ளி ஆசிரியரான என் தாத்தாவிடம் வந்தது. முப்பத்தைந்து ஆண்டு காலம் ஊர்ப் பிள்ளைகளின் பென்சில்களையெல்லாம் சீவிக் கொடுத்தது அந்தக் கத்திதான். நான் டில்லிக்குப் படிக்கப் புறப்பட்டபோது, தாத்தா அதை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். “ராஜர்ஸ்டா இது! ஷெபீல்டு உருக்கு. எண்பது வருஷமா ஏமாத்தினதில்லை. நீயும் ஏமாத்தாம படி” என்றார்.

அந்தச் சொல்லை நம்பித்தான் நான் சேகரிப்பாளன் ஆனேன். அதே சொல்தான் சென்ற ஆண்டு என்னைத் திண்டாட வைத்தது.

ஜும்மா மசூதிப் பக்கத்து நடைபாதைக் கடையொன்றில் ஒருநாள் ஒரு ராஜர்ஸ் கத்தியைக் கண்டேன். மான்கொம்புப் பிடி, இரண்டு அலகு, கறுத்துப்போன உருக்கு. தாத்தாவின் கத்திக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டதென்று நெஞ்சு படபடத்தது. ஆயிரத்தைந்நூறு சொன்னான், எண்ணூறுக்கு முடித்தேன். அந்த மாதம் முழுவதும் மாலைத் தேநீரை நிறுத்த வேண்டியிருந்தது.

கரோல்பாக்கில் ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர், நாற்பது ஆண்டுகளாகக் கத்தி சேர்ப்பவர். பேருந்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என் புதையலை வாங்கி, பூதக்கண்ணாடியால் அரை நிமிடம் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, “தம்பி, காப்பி சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். வைத்தியர் இப்படிக் கேட்டால் நோயாளிக்கு நிலைமை புரிந்துவிடும். எனக்கும் புரிந்துவிட்டது.

காப்பிக்குப் பின் பாடம் நடந்தது. நல்ல பழைய கத்தியில், உருக்குக்குப் பதம் ஏற்றுமுன், அது மென்மையாக இருக்கும்போதே, அலகின் அடிக்கழுத்தில் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். எழுத்து ஆழமாக இறங்கி நிற்கும். என் கத்தியிலோ எழுத்துகள் திராவகத்தால் அரித்து எழுதியவை. நகத்தால் தடவினாலே மேலோட்டம் தெரிந்தது. கறுப்பு நிறமும் வயதால் வந்ததன்று. நேற்றுப் பிறந்த உருக்குக்குக் கிழவேடம் போட்டிருந்தார்கள். வேடம் போட்டவர்கள் அலகின் முகத்தைக் கறுக்க வைத்தார்களே தவிர, பிடிக்குள் மறையும் பகுதியை மறந்துவிட்டார்கள். அது புதுப் பாத்திரம்போல் பளபளத்தது.

“எண்ணூறு ரூபாய்க்கு நல்ல படிப்பு, நம் பல்கலைக்கழகத்தைவிட மலிவு” என்று சிரித்தேன். சிரிப்பு அங்கேயே நின்றிருக்கலாம். “இதோ, அசலைப் பாருங்கள்” என்று பெருமையோடு தாத்தாவின் கத்தியை எடுத்து நீட்டினேன்.

அதை அவர் நெடுநேரம் பார்த்தார். இந்த முறை காப்பி கேட்கவில்லை. பூதக்கண்ணாடியை என்னிடமே கொடுத்து, “எழுத்துக் கூட்டிப் படியுங்கள்” என்றார்.

படித்தேன். ஆங்கிலத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் நடுவே ‘டி’ என்ற எழுத்து வரும். தாத்தாவின் கத்தியில் அது இல்லை. தேய்ந்து போனதா என்று பார்த்தேன். தேய்வதற்கு அங்கே இடமே விடப்படவில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ராஜர்ஸ்தான். மூன்று தலைமுறையாக நாங்கள் வாயால் சொன்னோமே தவிர, கண்ணால் படிக்கவில்லை.

“ஓர் எழுத்து விட்டுப்போனது கைத்தவறாக இருக்கக் கூடாதா?” என்று வாதாடினேன். அந்தப் பெயருள்ள வேறு நேர்மையான மனிதரும் இருக்கலாமே! பெரியவர் பக்கத்திலிருந்த சின்னத்தைக் காட்டினார். ராஜர்ஸின் முத்திரை, ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டாச் சிலுவையும். 1682-இல் ஷெபீல்டில் பதிவானது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் கண்டுகொள்வதற்கான அடையாளம் அது. என் கத்தியிலும் நட்சத்திரம் இருந்தது; சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் கணக்குப் பாடத்துக் கூட்டல் குறி இருந்தது. பெயர் தற்செயலாக ஒத்துப் போகலாம். பெயரும் சின்னமும் சேர்ந்து அப்படி ஒத்துப் போகுமா?

அன்று அவர் சொல்லியும், பிறகு நானே நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்திக்காரர்களின் முத்திரைகளைக் காப்பதற்கென்றே ஷெபீல்டுப் பகுதியில் 1624-இல் பாராளுமன்றச் சட்டத்தால் ஒரு சங்கம் அமைந்தது. அந்த ஊரின் ராஜர்ஸ் நிறுவனம் 1822-ஆம் ஆண்டைக் குறிக்க 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டிய நிறுவனம். அதன் பெயர் உலகெங்கும் பரவியது. பரவிய பெயரைத் திருடுவதும் கூடவே பரவியது. 1840-களிலேயே, ‘ஜே. ராஜர்ஸ் அண்ட் சன்ஸ்’ என்று பேனாக் கத்தியில் பொறித்ததற்காக, அதே ஊரின் இன்னொரு கத்திக்காரர்மீது அந்த நிறுவனம் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளும் ‘ஷெபீல்டு’ என்ற பெயரைப் பூண்டு வந்தன. இத்தகைய பொய் முத்திரைகளைத் தடுக்கவே 1887-இல் பிரிட்டன் சரக்குக் குறிச் சட்டம் இயற்றியது. காலம் சுழன்றது. சோலிங்கன் என்ற பெயரே புகழ் பெற்று, அதையும் பிறர் திருட, 1938-இல் ஜெர்மனி அந்தப் பெயரைக் காக்க ஒரு தனிச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. நேற்றுப் பிறர் வீட்டுச் சுவர் ஏறியவர் இன்று தம் வீட்டுக்குப் பூட்டு வாங்கிய கதைதான்.

சேகரிப்பவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970-இல் தன் முத்திரையின் கீழே பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து வந்தது. புள்ளியை எண்ணிக் கத்தியின் வயதைச் சொல்லிவிடலாம். சேகரிப்பவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் புள்ளி எண்ணுவது சேகரிப்பவருக்கு மட்டுமா தெரியும்? அடையாளம் நுணுக்கமாக ஆக ஆக, போலியும் நுணுக்கமாகப் படித்துக்கொண்டு வருகிறான். நாம் எழுதும் பாடநூலே அவனுக்கும் பாடநூல்.

விடுதிக்குத் திரும்பிய இரவு, டப்பாவைத் திறந்து இருபத்து மூன்று கத்திகளையும் கட்டில்மேல் பரப்பினேன். ஒவ்வொன்றும் எனக்கு ஒரு கதை சொன்ன கத்தி. அன்று ஒன்றையும் நம்ப முடியவில்லை. போலி என்பவன் எண்ணூறு ரூபாயைத்தான் கொண்டு போகிறான் என்று நினைத்தேனே, அது தவறு. போகிற போக்கில் அசலின்மேலும் ஒரு சந்தேகத்தைத் தெளித்துவிட்டுப் போகிறான். ரூபாயை மறுமாதம் ஈட்டலாம். அந்தப் பழைய நம்பிக்கையை எங்கே போய் ஈட்டுவது?

இந்த மனநிலையில்தான் மொராதாபாத்து நண்பன் ஒருவன், “கத்தியைப் பற்றிக் கத்திக்காரனிடம் கேள். ராம்பூருக்குப் போகலாம் வா” என்றான். டில்லியிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மொராதாபாத்தைத் தாண்டினால் ராம்பூர். நவாபுகள் ஆண்ட ஊர். அவர்கள் சேர்த்த அரிய ஏட்டுச் சுவடிகள் ரஜா நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. ஆனால் வெளியூர்க்காரனுக்கு ராம்பூர் என்றால் கத்திதான். இந்திப் படங்களின் முரடர்கள் அந்த மடக்குக் கத்திக்குப் பெயரும் கொடுத்தார்கள், கெட்ட பெயரும் கொடுத்தார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகைக் கட்டுப்படுத்துகின்றன. 2023-இல் ஊரில் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தியைச் செய்து நாற்சந்தியில் நிறுத்தியிருக்கிறார்கள். சிலை வைப்பது பெரும்பாலும் காலமானவர்களுக்குத்தானே என்று என் மனம் சற்றுக் கலங்கியது.

ஒரு சந்துக்குள் வயோதிகக் கத்திக்காரர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். ஒரு சாணைச் சக்கரம், ஒரு பட்டடை, ஒரு பிடிக்குறடு, உதவிக்கு ஆளில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். ‘ராம்பூரி’ என்ற பெயரோடு எங்கெங்கோ செய்த இயந்திரக் கத்திகள் வந்து இறங்குகின்றன என்றார். அவர் ஒரு கத்தியை முடிக்கும் நேரத்தில் அங்கே எத்தனையோ முடிந்துவிடுகின்றன. “விலை குறைவதுகூடப் பெரிதில்லை, பேட்டா. அந்தக் கத்தி மூன்றாம் மாதம் ஆடிப்போகிறது. வாங்கியவன் அவனைத் திட்டுவதில்லை, ராம்பூரைத் திட்டுகிறான். நான் செய்யாத கத்திக்கு நான் வசவு வாங்குகிறேன்” என்றார்.

நான் மெல்லத் தாத்தாவின் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவர் முத்திரையைப் பார்க்கவே இல்லை. அலகைத் திறந்தார், மூடினார், காதருகே வைத்து மறுபடியும் மூடினார். ‘டக்’ என்று ஒரு சுத்தமான ஓசை. அலகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடவில்லை. வில்லின் முதுகைக் கட்டைவிரலால் தடவினார். “நல்ல கை” என்றார். “எந்த ஊர்க் கை?”

பெயர் பொய்யென்று சொன்னேன். அவர் வியப்படையவில்லை. “செய்தவன் பொய்யனில்லை, பேட்டா. வியாபாரி அச்சைக் கொண்டுவந்து கொடுத்திருப்பான். இந்தப் பெயரை அடித்தால் வாங்கிக்கொள்கிறேன், உன் பெயரை அடித்தால் நீயே வைத்துக்கொள் என்றிருப்பான். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே!” என்றவர், சற்று நிறுத்தி, “ஆனாலும் அடித்திருக்கக் கூடாது” என்றார்.

ரயிலில் திரும்பும்போது அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். ஷெபீல்டுக்காரன் தன் விற்பனையை இழந்தான். என் கொள்ளுத் தாத்தா ஒன்றே கால் ரூபாய்க்குப் பொய்யை வாங்கினார். இவ்விருவரும்தாம் ஏமாந்தவர்கள் என்று இதுவரை கணக்கிட்டிருந்தேன். மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். எண்பது ஆண்டுக்கு மேல் உழைக்கும் ஒரு கத்தியைச் செய்துவிட்டு, அதில் தன் பெயரை எழுத வழியில்லாமல் போனவன். கத்தி நன்றாக இருக்கிறதே, பெயர் எதுவானால் என்ன என்று சிலர் கேட்கலாம். அந்த மூன்றாமவனை நினைத்தால் அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கத்தி கெட்டதாக இருந்திருந்தால் பெயர் போனவன் தப்பித்திருப்பான். நன்றாக இருந்ததால்தான் அவன் இழப்பு பெரிதாயிற்று.

தாத்தாவிடம் சொல்வதா, வேண்டாமா? எண்பத்திரண்டு வயது, இனிமேல் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று ஒரு மனம். ஏமாற்றாமல் படி என்று சொல்லிக் கொடுத்த கத்தியைப் பற்றியே அவரை ஏமாற்றுவதா என்று இன்னொரு மனம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போன மூன்றாம் நாள், திண்ணையில் சொல்லிவிட்டேன். பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன்.

தாத்தா முத்திரையைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆசிரியர் அல்லவா, விடுபட்ட எழுத்தின் இடத்தில் விரலை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். எங்கள் அப்பாவை ஏமாத்திட்டானே என்பார், அல்லது போனால் போகட்டும் என்பார் என்று காத்திருந்தேன். இரண்டும் சொல்லவில்லை. கத்தியை மடக்கினார், ‘டக்’ என்றது.

“அப்போ இதை யாருடா செஞ்சது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு இனி எவரும் விடை சொல்ல முடியாது. கத்தி இப்போது மறுபடியும் என் டப்பாவில், முதலிடத்தில் இருக்கிறது. எல்லாக் கத்திக்கும் ஒரு சீட்டு எழுதி, ஊரும் செய்தவர் பெயரும் குறித்து வைத்திருக்கிறேன். அதன் சீட்டில் பெயருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.