ஒரே மரத்தில் இரண்டு இலை

மன்னவனூருக்கு வருகிறவர்கள் ஏரிக்கும் ஆட்டுப்பண்ணைக்கும் போகிறார்கள். நான் பார்க்க வந்தது புல்வெளியின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளை. வெளியே கண் கூசும் மலைவெயில். உள்ளே நாலடி வைத்ததும் பொழுது சாய்ந்ததுபோல் இருந்தது. இப்படிப்பட்ட அடர்காட்டில் உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேருகிறது.

காற்றில் முறிந்த காட்டு நாவலின் உச்சிக்கிளை ஒன்று காலடியில் கிடந்தது. அதன் இலையை, அதே மரத்தின் அடிக்கிளை இலையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். உச்சி இலை சிறியது, தடித்தது; மடக்கினால் படக்கென்று ஒடிகிறது. அடி இலை அகலமானது. வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பெல்லாம் தெரிகிறது. ஒரு மரத்துக்குள் இப்படி ஓர் ஏற்பாடா!

வெயில் இலைக்குள் ஒளியை வாங்கும் பாலிசேட் செல்கள் நெடிதாக, பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்காக நிற்கும். மேல்தோலின் மெழுகுப்பூச்சும் கனம். நிழல் இலைக்கு ஓர் அடுக்கே போதும். கிடைக்கும் சொற்ப ஒளியைத் தவறவிடாமல் பிடிக்க அது அகலமாக விரிகிறது. எடைக்கு எடை அதில்தான் பச்சையமும் அதிகம். பல மரங்களில் எந்த வகை இலை வரப்போகிறது என்பது மொட்டிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. முற்றிய இலையின் அமைப்பு அப்புறம் பெரிதாக மாறாது.

உச்சித் தளிர்கள் செக்கச்செவேலென்று இருந்தன. இலை முற்றும்வரை கடும் ஒளியைத் தாங்க உதவும் நிறமி அது. நிழலே இல்லாத புல்வெளியில் தனியாக நிற்கும் காட்டுப்பூவரசின் இலை, தோல்போல் தடித்து, அடியில் ரோமம் போர்த்தியிருக்கிறது.

திரும்பும் வழியில் சீகை எனப்படும் வாட்டில் மரத் தோப்பு. புல்வெளியை விழுங்கிய அந்நிய மரம்தான். ஆனால் அதன் நிழலில் சோலைக் கன்றுகள் முழங்கால் உயரம் எழுந்திருந்தன, நிழல் இலைகளோடு. பழனிமலையில் பல தோப்புகளில் இப்படிச் சோலை மீள்வதை வட்டக்கானலில் வாழ்ந்த பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் கவனித்துச் சொன்னார்கள். சீகையை அகற்றியே ஆகவேண்டிய புல்வெளிகள் உண்டு. ஆனால் கன்றுகள் எழுந்த இடத்தில் ஒரேயடியாக வெட்டினால், அந்த மெல்லிய இலைகள்மேல் மலைவெயில் முழுசாக இறங்கும்; கருகும். அங்கே கோடாரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடவேண்டும்.