எங்கே துல்லியம், எங்கே தோராயம்

திங்கள்

பிராக்டிகல் தேர்வுக்கு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 லிட்டர் தயாரிக்க வேண்டும். பாட்டில் லேபிளில் 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்று இருக்கிறது. அதாவது ஒரு லிட்டர் 1180 கிராம். அதில் அமிலம் 436.6 கிராம். 36.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12 நார்மல். நீர்க்கச் செய்தாலும் நார்மாலிட்டியையும் கனஅளவையும் பெருக்கிய தொகை மாறாது. எனவே 0.1 × 5000 ÷ 12, விடை 41.7 மி.லி.

புதிதாக வந்த லேப் அசிஸ்டென்ட் அந்த 0.7க்காகப் பிப்பெட் தேடினார். "மெஷரிங் சிலிண்டர்ல 42 ஊத்துங்க, போதும்" என்றேன். திறந்து திறந்து புகைந்த பாட்டில் அது. லேபிளில் உள்ள 12 உள்ளே அப்படியே இருக்கும் என்பது என்ன நிச்சயம்? பியூம் ஹூடுக்குள் வைத்து, பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, அதில் அமிலத்தை மெதுவாக ஊற்றி, பிறகு 5 லிட்டர் ஆக்கினோம்.

செவ்வாய்

இன்று தோராயத்துக்கு இடமில்லை. உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்த சோடியம் கார்பனேட் 1.3250 கிராம், நான்கு தசமத் தராசில் எடைபோட்டு 250 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் கரைத்தோம். கச்சிதமாக 0.1 நார்மல். அதில் 20 மி.லி.க்கு, மீதைல் ஆரஞ்சின் மஞ்சள் மாறும் இடத்தில் 19.6 மி.லி. அமிலம் செலவானது. ஆக, நேற்றைய அமிலம் 0.102 நார்மல். அதையே லேபிளில் எழுதினேன்.

வியாழன்

இரும்புக் கரைசலை 1000 பி.பி.எம்.மிலிருந்து 1 பி.பி.எம்.முக்குக் கொண்டுவர வேண்டும்.

"சார், 0.1 மில்லி எடுத்து 100க்கு மேக்கப் பண்ணிட்டா ஒரே ஸ்டெப்ல முடிஞ்சிடுமே?" என்றாள் ஒரு மாணவி.

கணக்கு சரிதான். பிப்பெட் நுனியில் தொங்கிய துளியைக் காட்டினேன். ஒரு துளி சுமார் 0.05 மி.லி. 0.1 மி.லி. எடுக்கும்போது ஒரு துளி தவறினால் பாதி போச்சு, 10 மி.லி. எடுக்கும்போது தவறினால் அரை சதவீதம்தான். ஆகவே 10 எடுத்து 100 ஆக்குவதை மூன்று முறை செய்யச் சொன்னேன்: 100, 10, 1. மூன்றிலும் துளி தவறினாலும் பிழை ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாது.

வெள்ளி

ரெக்கார்டுகளைத் திருத்தினேன். எல்லோரும் சூத்திரத்தைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் முதல் ஒவ்வொரு கனஅளவுக்குப் பக்கத்திலும் எதால் அளந்தார்கள் என்றும் எழுத வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து கிடையாது.